ஃபீடிங் குர்த்தி: எட்டு மாதம் உடுத்திப் பார்த்த பின்

மதுரையில் அம்மா வீட்டில் பேறுகாலம் முடிந்து, மகளுக்கு மூன்று மாதமானபோது பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். அதற்கு முந்தைய வாரம் இணையத்தில் இரண்டு ஃபீடிங் குர்த்திகளை வாங்கினேன். ஒவ்வொன்றும் 849 ரூபாய். அன்று முதல் மாதம் ஒரு முறையாவது குழந்தையுடன் இரண்டு ஊர்களுக்கும் இடையே பேருந்தில் போய்வருகிறேன். நடுவே மூன்று கல்யாணங்கள், ஒரு காதுகுத்து, தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருந்த காலைப் பொழுதுகள். இவற்றில் பெரும்பாலான இடங்களில், குழந்தை அழுத இடத்திலேயே, எழுந்து மறைவிடம் தேடாமல் பால் கொடுக்க முடிந்தது. இந்த உடுப்பு அதற்கு எவ்வளவு உதவியது, எங்கே கைவிட்டது என்பதை, வாங்கலாமா என்று யோசிக்கும் தாய்மார்களுக்காக எழுதுகிறேன். விற்றவரின் பெயரைச் சொல்லவில்லை. இதே அமைப்பில் பலரும் தைத்து விற்கிறார்கள். அமைப்பைப் பார்த்து வாங்கினால் போதும்.

இப்படி ஓர் உடை ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். என் பாட்டி ஐந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவர். களத்துமேட்டிலும், கல்யாண வீட்டுத் திண்ணையிலும், ஓடும் பேருந்திலும் கொடுத்தார். அவரிடம் இருந்தவை ஒரு முந்தானையும், முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையும்தான். கீழே இரண்டு கொக்கிகளை அவிழ்த்து, முந்தானையைச் சற்று இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. பேச்சை நிறுத்தாமலே பிள்ளையைப் பசியாற்றுவார். என் தலைமுறை வெளியே போகும்போது சுடிதாருக்கும் குர்த்திக்கும் மாறியது. அந்த மாற்றத்தில் முந்தானையும் போய்விட்டது என்பதைப் பிள்ளை பெறும் வரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. சாதாரணக் குர்த்தியில் பால் கொடுக்க வேண்டுமானால் கீழிருந்து மேலே சுருட்ட வேண்டும். இடுப்பும் வயிறும் முதுகின் ஒரு பகுதியும் வெளியே தெரியும். மார்பு தெரிவதைவிட, பிரசவத்துக்குப் பின் தளர்ந்திருக்கும் அந்த வயிறு நாலு பேர் முன் தெரிவதே பல தாய்மார்களைக் கூசவைக்கிறது. வீட்டில் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி இருப்பதால் கவலையில்லை. நைட்டியோடு பேருந்து ஏற முடியாது என்பதே சிக்கல்.

குர்த்தி வருவதற்கு முன், தோழி ஒருத்தி பரிந்துரைத்த பாலூட்டும் போர்வை ஒன்றை 500 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஏப்ரன் போன்றது அது. குனிந்தால் குழந்தையின் முகம் தெரியும்படி, கழுத்துப் பகுதியில் வளைந்த கம்பி ஒன்று வைத்துத் தைத்திருந்தார்கள். மூன்று முறைக்கு மேல் அதை நான் பயன்படுத்தவில்லை. மதுரை வெயிலில் உள்ளே இருந்த குழந்தைக்கு இரண்டு நிமிடத்தில் நெற்றி வியர்த்து, முடி ஈரமாகி, காம்பை விட்டுவிட்டு அழுதாள். குழந்தையைக் காம்பைப் பற்றச் செய்யத் தாய்க்கு இரண்டு கையும் கண்ணும் வேண்டும். அந்தக் கம்பி வழியே தெரிந்தது அவளது உச்சந்தலை மட்டுமே; மூக்கு அழுந்தாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒவ்வொரு முறையும் துணியைத் தூக்க வேண்டியிருந்தது. பெரிய பூப்போட்ட அந்தத் துணியை விரித்து மாட்டுவதே அறையில் உள்ள எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. குளிர்ந்த ஊர்களில் இது பயன்படக்கூடும். நம் ஊர் வெயிலுக்கு இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி குர்த்தி. தையற்காரர்கள் பிரின்சஸ் கட் என்று சொல்வார்களே, தோளுக்குக் கீழே தொடங்கி மார்பின் இரு பக்கமும் செங்குத்தாக இறங்கும் அந்தத் தையலுக்குள் ஜிப்பை மறைத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஜிப்புகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 அங்குலம். மேலிருந்து கீழே இழுத்தால் திறக்கும். திறந்த இடம் குழந்தையின் முகத்தால் முழுவதும் மறைந்துவிடும்; வயிறும் இடுப்பும் துணிக்குள்ளேயே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்த்தால் குழந்தை மடியில் தூங்குவதுபோலத்தான் தெரியும். துப்பட்டாவின் ஒரு முனையைத் தோளிலிருந்து தளர்த்தி விட்டுக்கொண்டால், பாட்டியின் முந்தானை எனக்குத் திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது. முகத்தை மூடாமல் பக்கவாட்டில் மட்டும் துணியை விட்டுக்கொள்வதால் குழந்தைக்குக் காற்று வரும், அவள் என்னைப் பார்த்துக்கொண்டே குடிப்பாள். "பால் குடிக்கிற பிள்ளை மேல கண்ணு பட்டுரும், மூடிக்கோம்மா" என்று அத்தை சொல்வதற்கும் அந்தத் துப்பட்டா முனையே போதுமானதாக இருந்தது. அவர் மனநிறைவும் எனக்கு முக்கியம்.

ஜிப்பின் உட்புறம் ஒரு மெல்லிய துணிப்பட்டி வைத்துத் தைத்திருப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. நைலான் ஜிப்பாக இருந்தாலும் அதன் பற்கள் கூரானவை. குழந்தையின் கன்னம் பதினைந்து இருபது நிமிடம் அதன் மேல் அழுந்தினால் சிவந்துபோகும். இரண்டில் பச்சை நிறக் குர்த்தியில் இந்தப் பட்டி முழு நீளத்துக்கும் இருந்தது. நீல நிறத்தில் அடியில் ஓர் அங்குலம் குறைவாக இருந்தது. முதல் நாளே மகளின் தாடைக்குக் கீழே ஒரு சிறு கோடு விழுந்ததைப் பார்த்து, பழைய பருத்தி வேட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி நானே கையால் தைத்துக்கொண்டேன். வாங்கும்போது ஜிப்பைத் திறந்து உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். இணையத்தில் வாங்கினால், உட்புறப் படம் இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

இந்த உடுப்பின் உண்மையான சோதனை பேருந்தில்தான். மதுரை மாட்டுத்தாவணியில் ஏறி நெல்லை வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும் என்பதால், அந்தப் பயணத்தில் ஒரு முறையாவது கொடுத்தே ஆக வேண்டும். முதல் பயணத்தில் விருதுநகர் தாண்டியதும் மகள் அழத் தொடங்கினாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் என் கை நடுங்கியது. ஜிப்பைத் திறந்துவிட்டேன், குழந்தையும் காம்பைப் பற்றிக்கொண்டாள், பால் மட்டும் இறங்கவில்லை. பதற்றத்தில் இப்படி ஆகும். பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு, தாயின் மனக்கலக்கம் அதைத் தாமதப்படுத்தும் என்பதைப் படித்திருந்தேன். அன்றுதான் உடலில் உணர்ந்தேன். அவள் உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்து வீறிட்டாள். முன் இருக்கையில் இருந்த பாட்டி எழுந்து வந்து, என் பக்கத்தில் இருந்த என் கணவரை முன்னே போகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "பிள்ளை பசிச்சு அழுதுல்லா, நீ சன்னலப் பாத்துத் திரும்பிக்கோ தாயி, நான் இங்கன உக்காந்துக்கிடுதேன்" என்றார். வேறெதுவும் பேசவில்லை, தன் பையிலிருந்த வெள்ளரிக்காயை நறுக்கத் தொடங்கினார். ஒரு நிமிடத்துக்குள் மார்பில் அந்த ஊசி குத்துவது போன்ற சிலிர்ப்பு வந்து, மகளின் தொண்டையில் மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. சாத்தூர் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

உடை தரக்கூடிய உதவி எவ்வளவு, சுற்றியிருப்பவர்கள் தர வேண்டியது எவ்வளவு என்பது எனக்கு அன்று விளங்கியது. அடுத்தடுத்த பயணங்களில் கை நடுங்கவில்லை. நான்காவது பயணத்தில் சன்னலோரம்கூடத் தேடவில்லை. வீட்டில் கண்ணாடி முன் உட்கார்ந்து பத்துப் பதினைந்து முறை கொடுத்துப் பழகியதும் உதவியது. என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்பதை நம் கண்ணாலேயே பார்த்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடுகிறது.

பேருந்து நிலையத்தில் தனி அறை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, தமிழக அரசு 300-க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அந்த அறைகளை நான் நன்றியோடு பயன்படுத்தியிருக்கிறேன். இருக்கையும் மின்விசிறியும் உள்ள ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும்போது கிடைக்கும் அமைதி பெரியது; அது வேண்டும் என்று நினைக்கும் தாய்க்கு அது கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு பேருந்து நிலையத்தில் அந்த அறை பூட்டிக் கிடந்தது. சாவி நேரக் காப்பாளரிடம் இருக்கிறது என்றார்கள்; அவர் சாப்பிடப் போயிருந்தார். அழும் குழந்தையோடு பூட்டுக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றேன். அதன்பின் எதிரே இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, இதே பச்சைக் குர்த்தியின் ஜிப்பைத் திறந்து பால் கொடுத்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில், பொது இடத்தில் தாய் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று சொன்னதோடு, பாலூட்டும் அறைகள் குறித்து மாநிலங்களுக்கு நினைவூட்டுமாறு மத்திய அரசைப் பணித்தது. இரண்டும் ஒன்றாகச் சொல்லப்பட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. அறை இருக்கிறது என்பதற்காக, அறைக்கு வெளியே கொடுக்கும் தாயைக் குறை சொல்லும் நிலை வந்துவிடக் கூடாது. ஓடும் பேருந்துக்குள் எந்த அறையும் கூட வராது.

கூச்சத்துக்கு அஞ்சி, பயணத்தில் மட்டும் புட்டிப்பால் கொடுக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் புட்டியைக் கொதிநீரில் கழுவப் பேருந்து நிலையத்தில் வழி ஏது? குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும் என்பதால், ஒரு வேளை தவறினால் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். அடிக்கடி தவறினால் சுரப்பே குறையும். முதல் ஆறு மாதம் தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும், அதன்பின் இணை உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு ஆண்டுகளும் வீட்டுக்குள்ளேயே இருக்க யாரால் முடியும்? அந்தக் கணக்கில் பார்த்தால் 849 ரூபாய் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீல நிறக் குர்த்தி பூவேலை இல்லாத ஒற்றை நிறம். ஒரு பக்கம் கொடுக்கும்போது மறுபக்கம் பால் கசிந்தால் அதில் வட்டமாக ஈரம் தெரிகிறது. முதல் சில மாதங்களில் இது தினமும் நடக்கும். சிறிய பூக்கள் நெருக்கமாக அச்சிட்ட அடர்நிறத் துணியாகப் பார்த்து வாங்குங்கள். பச்சைக் குர்த்தியில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது குறை, ஜிப். ஐந்தாம் மாதத்தில் ஒரு காதுகுத்து விழாவில் இடப்பக்க ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. பசியில் அழும் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் அதை இழுப்பது பெரும்பாடு. அதன்பின் மாதம் ஒரு முறை மெழுகுவத்தியை ஜிப்பின் பற்களில் தேய்த்துவிடுகிறேன், சிக்கல் வரவில்லை. துவைக்கும்போது ஜிப்பை மூடிவிட்டுத் துவைப்பது நல்லது. மூன்றாவது, ஏழு மாதத்துக்குப் பின் குழந்தை ஜிப்பின் இழுப்பியைக் கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணப் பந்தியில் அவள் அதைப் பிடித்து இழுத்த நாள் முதல், இழுப்பியை மேல்மடிப்புக்குள் செருகி வைக்கிறேன். அளவில் ஒரு எண் பெரிதாக எடுங்கள். பால் கட்டியிருக்கும் நேரத்தில் வழக்கமான அளவு மார்பை இறுக்கும்.

பட்டுச்சேலை கட்டும் நாளுக்கு இந்தக் குர்த்தி உதவாது. இப்போது பலரும் ரவிக்கைக்குப் பின்பக்கம் கொக்கி வைக்கிறார்கள். பால் கொடுக்கும் காலத்தில் தைக்கக் கொடுப்பவர்கள் முன்கொக்கி என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள சுடிதார்களை வீசவும் வேண்டாம். எங்கள் தெருவில் தைக்கும் அக்கா, பிரின்சஸ் கட் உள்ள என் பழைய டாப் ஒன்றைப் பிரித்து, இருபக்கமும் ஜிப் வைத்து, உள்பட்டியோடு தைத்துத் தர 150 ரூபாய் வாங்கினார். கடையில் வாங்கிய இரண்டையும்விட அதுவே நன்றாக இருக்கிறது. பட்டிக்கு மல் துணி வைத்ததால் மகளின் கன்னத்தில் இதுவரை ஒரு கோடும் விழவில்லை. என் நாத்தனாருக்கு இது ஒன்பதாம் மாதம். அவளுடைய டாப்கள் நான்கு இப்போது அந்த அக்காவின் மிஷினில் இருக்கின்றன.