பலகை படிக்கிற சாக்கில்: லெட்வில் மினரல் பெல்ட் தடத்தில் நான்கு வருடம்

யாராவது இந்தத் தடத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் ஊர்ப் பெயரைத் திருத்திவிடுவேன். லீட்வில் இல்லை, லெட்வில். ஆங்கிலத்தில் ஈயத்தை 'லெட்' என்பார்கள், அதன் பெயரால் அமைந்த ஊர். கொலராடோவில், 3,094 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரையும் அதன் கிழக்கே உள்ள பழைய சுரங்கப் பகுதியையும் சுற்றி 18.7 கிலோமீட்டருக்குத் தார் போட்ட வளையம்தான் மினரல் பெல்ட் தடம். 2000-இல் திறந்தார்கள். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, கட்டணமும் இல்லை. நான்கு வருடமாக, ஜூன் முதல் அக்டோபர் வரை மாதம் இரண்டு தடவையாவது டென்வரிலிருந்து போய் ஓடிவிட்டு வருகிறேன்.

தார்ப்பாதைதானே என்ற நினைப்பில்தான் முதல் தடவை போனேன். டென்வரே 1,600 மீட்டர் உயரம், அங்கே பழகின உடம்பு, இன்னும் 1,500 மீட்டர் ஏறினால் என்ன ஆகிவிடும் என்ற தைரியம். மூன்றாவது கிலோமீட்டரில் தெரிந்துவிட்டது. கால் நன்றாக இருந்தது, மூச்சுதான் வரவில்லை. மலை மேலேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் உள்ளே போவது கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் எழுபது சதவீதம். டென்வரில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடுகிறவன் இங்கே ஏழே காலுக்கு வந்தேன், அதுவும் இரைத்துக்கொண்டு.

அப்போதுதான் வழியோரப் பலகைகள் கண்ணில் பட்டன. எந்தச் சுரங்கம், யார் தோண்டினார்கள், என்ன கிடைத்தது என்று ஆங்காங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவழியில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றால் போகிறவர் வருகிறவரெல்லாம் "பரவாயில்லையா?" என்று விசாரிப்பார்கள். பலகை முன்னால் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள். முதல் வருடம் முழுக்க நான் சேர்த்த சரித்திர அறிவு இப்படி வந்ததுதான்.

1860-இல் இங்கே கலிபோர்னியா கல்ச் என்கிற ஓடையில் தங்கம் கிடைத்தது. தங்கம் அரிக்கிறவர்களுக்குத் தொல்லையாக ஒரு கனமான கறுப்பு மணல் மரத்தொட்டியில் வந்து அடைத்துக்கொண்டே இருந்தது. திட்டிக்கொண்டே அதை அள்ளிக் கொட்டினார்கள். வருடங்கள் கழித்துச் சோதித்துப் பார்த்தால், ஈயத் தாது, அதற்குள் வெள்ளி. 1870-களின் கடைசியில் ஊர் பொங்கி எழுந்தது அந்த வெள்ளியால். இந்த ஒரு பலகையை மட்டும் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஏற்றம் முடிகிற இடத்தில் இருக்கிறது.

ஏற்றம் என்று சொன்னால் நேரில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பல இடங்களில் பாதை பழைய ரயில் தடத்தின் மேலேயே போகிறது. நீராவி எஞ்சின் தாது வண்டிகளை இழுத்துப் போன சாய்வு, அதனால் எங்கேயும் செங்குத்து கிடையாது. சிக்கலே அதில்தான். கண்ணுக்குச் சமதளம் மாதிரி தெரியும், நாடித்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். செங்குத்து என்றால் நடந்துவிடலாம், வெட்கமில்லை. இங்கே நடக்க மனசு வராது, ஓடவும் முடியாது. கைக்கடிகாரத்தில் வேகத்தை மறைத்துவிட்டு நாடித்துடிப்பை மட்டும் பார்த்து ஓட ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தடம் எனக்கு வசப்பட்டது. இரண்டாவது வருடம் ஆகஸ்டில்தான் முதல்முறையாக நிற்காமல் முழு வளையம் ஓடினேன்.

வளையத்தின் இரண்டு பாதியும் இரண்டு ஊர் மாதிரி. மேற்குப் பக்கம் வீடுகள், பள்ளிக்கூடம், பைன் மரங்கள், எதிரே எல்பர்ட், மாசிவ் சிகரங்கள். 4,401 மீட்டர் எல்பர்ட்தான் ராக்கி மலைத்தொடரிலேயே உயரம். சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர்கள் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போவார்கள். அழகுதான், சொல்ல வேறொன்றும் இல்லை.

நான் போவது கிழக்குப் பாதிக்காக. மஞ்சள், செங்கல், சாம்பல் நிறங்களில் கழிவுப் பாறைக் குவியல்கள். சரிவு இறங்கிவிடாமல் அடுக்கிய மரக்கட்டைச் சுவர்கள், வெயிலும் பனியும் வெளுத்துச் சாம்பலாகிவிட்டவை. ஒரு கட்டையில் ஆணி தலை வரை இறங்காமல் ஒரு விரற்கடை வெளியே நிற்கிறது, துரு ஒழுகி மரத்தில் கண்ணீர்க் கோடு மாதிரி. அந்தக் குவியல்களில் ஒரு புல்கூட முளைக்காது. பாறையில் இருக்கும் கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, மிச்ச உலோகங்களையும் கரைத்து ஓடையில் விடும். 1983-இல் கலிபோர்னியா கல்ச் பகுதியை அமெரிக்க அரசு சூப்பர்ஃபண்ட் துப்புரவுப் பட்டியலில் சேர்த்தது. சில குவியல்களை மூடியிருக்கிறார்கள், கால்வாய் வெட்டி நீரைத் திருப்பியிருக்கிறார்கள். தாரை விட்டு இறங்கக் கூடாது, பழைய சுரங்கக் குழிகள் எங்கே வாய் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நானும் இறங்குவதில்லை.

மேட்ச்லெஸ் சுரங்கத்தின் மரக் கோபுரமும் குடிசையும் இந்தப் பக்கம்தான். வெள்ளியில் பெரும் பணக்காரரான ஹோரஸ் டேபரின் சுரங்கம். 1893-இல் அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தும் சட்டம் வந்தது, விலை சரிந்தது, டேபரும் சரிந்தார். அவர் 1899-இல் இறந்த பிறகு மனைவி பேபி டோ பல ஆண்டுகள் இந்தக் குடிசையில் தனியாக இருந்தார். 1935 மார்ச்சில் உறைந்து கிடந்த உடலைத்தான் கண்டெடுத்தார்கள். குளிர்காலத்தில் ஒரு தடவை அந்த வழியே ஓடினேன். கையுறைக்குள் விரல் மரத்துப்போய்விட்டது. அன்று நின்று படிக்கவில்லை.

குளிர்காலம் எனக்கு ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பனிச்சறுக்குக்காகத் தடத்தை இழைத்து வைப்பார்கள். சறுக்குகிறவர்களுக்கு வெட்டிய இரட்டைக் கோட்டில் கால் வைத்தால் மரியாதையில்லை, ஓரமாகத்தான் போக வேண்டும், ஓரத்தில் பனி இளகியிருக்கும். நான்கு கிலோமீட்டர் போய்த் திரும்பிவிட்டேன்.

கோடையில் எதிரி மின்னல். ஜூலை, ஆகஸ்டில் மத்தியானம் ஆனால் மேகம் திரளும். மூன்றாவது வருடம் காலை பத்தரைக்கு ஓட ஆரம்பிக்கிற முட்டாள்தனம் செய்தேன். கிழக்கு வெட்டவெளியில் ஆலங்கட்டி மழை, இடி. அதன் பிறகு ஆறரைக்கெல்லாம் ஓட ஆரம்பித்துவிடுகிறேன். அந்த நேரத்தில் ஜூலையிலும் மெல்லிய கையுறை வேண்டும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் போகிறதே தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் தொப்பியில் உப்புக்கோடு. ஒன்றரை லிட்டர் முதுகில் சுமந்துபோகிறேன்.

இன்னொன்று, முந்தின இரவே போய்த் தங்குவது எனக்கு உதவவில்லை. தூக்கம் கெட்டு, காலையில் தலைவலியோடுதான் எழுந்தேன். விடியுமுன் கிளம்பி, இறங்கியதும் ஓடிவிட்டு, மத்தியானம் திரும்பிவிடுவதே சரியாக வருகிறது. உடம்பு உண்மையாகப் பழக வாரக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும்.

குறை என்றால், உறைந்து இளகித் தாரில் குறுக்கே விரிசல் விழுந்த இடங்கள் உண்டு, இறக்கத்தில் கவனம் தேவை. இறக்கத்தில் மணி அடிக்காமல் பறந்து வரும் சைக்கிள்காரர்கள் அதைவிட மோசம். ஊரில் ஓடுகிறவர்களுக்குத் தனி மரியாதை. 1982-இல் கிளைமாக்ஸ் மாலிப்டினம் சுரங்கம் மூடி ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்த பிறகு, பிழைக்க வழி தேடி 1983-இல் ஆரம்பித்ததுதான் லெட்வில் 100 மைல் ஓட்டம். அது வேறு பாதையில், வேறு ஆட்களுக்கு. என்னால் ஆகாது.

இப்போது பலகைகளைப் பார்க்காமலே தாண்டிப் போகிறேன். போன மாதம் நண்பர் ஒருவரை முதல்முறையாகக் கூட்டிப்போனேன். மூன்றாவது கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு பலகை முன்னால் நின்று, "இது சுவாரசியமாக இருக்கிறதே, படித்துவிட்டு வருகிறேன்" என்றார். கறுப்பு மணல் பலகை. நானும் பக்கத்தில் நின்று படித்தேன்.