கோபி பிரையன்ட்டா, டோனி ஆலனா: ஒரு மூத்த கார்டின் தடுப்பாட்டப் பெயரை எப்படி நிறுப்பது?

2010-11 பருவத்தின் முடிவில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏ-யின் தலைமைப் பயிற்சியாளர்கள், அந்தப் பருவத்தில் தடுப்பாட்டத்தில் சிறந்தவர்கள் என்று முதல் ஐவரையும் இரண்டாம் ஐவரையும் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஐவரில் கார்டு (கூடையிலிருந்து தள்ளி, வெளிப்பகுதியில் ஆடுபவர்) இடங்கள் இரண்டும் பாஸ்டனின் ராஜான் ராண்டோவுக்கும் லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்ட்டுக்கும் போயின. மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணியின் டோனி ஆலனுக்கு இரண்டாம் ஐவரில்தான் இடம். அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. ஆலன் முதல் ஐவருக்கு ஏறினார், 33 வயது கோபி இரண்டாம் ஐவருக்கு இறங்கினார். ஓர் ஆண்டுக்குள் இருவரின் கால்களும் அவ்வளவு மாறிவிட்டனவா? இல்லை என்றே நினைக்கிறேன். 2011இலேயே ஆலன் மேலே இருந்திருக்க வேண்டும்.

கோபியின் கணக்கு பெரியது. 12 முறை தடுப்பாட்ட ஐவர்களில் இடம், அவற்றில் 9 முறை முதல் ஐவரில். மைக்கேல் ஜோர்டன், கேரி பேட்டன், கெவின் கார்னெட் மூவரும் அதே 9இல்தான் நிற்கிறார்கள். ஆலனுக்கு மொத்தம் 6, முதல் ஐவரில் 3. எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் பேச்சு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்த 12ஐ ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. 2000இல் முதல் ஐவரில் நுழைந்த 21 வயது இளைஞரும், 2011இல் அதே இடத்தில் இருந்த 32 வயது நட்சத்திரமும் பெயரில் ஒன்று, களத்தில் வேறு வேறு.

முதலாமவரைப் பற்றி எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. 2000 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவில் அந்த ஊர் அணியின் நட்சத்திரம் ஆலன் ஐவர்சன் முதல் பாதியிலேயே 16 புள்ளிகள் எடுத்திருந்தார். கோபி அவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்தபோதும் ஐவர்சனின் கணக்கு 16தான். களத்தின் மிக வேகமான மனிதரை இரண்டாம் பாதி முழுவதும் ஒரு புள்ளியும் எடுக்காமல் நிறுத்தியது அந்தக் காலத்துக் கோபி. அந்தப் பெயரை யாரும் அவருக்குத் தானமாகக் கொடுக்கவில்லை.

2010-11இன் கோபியின் நிலை வேறு. 2010 கோடையில் வலது முழங்காலில் அறுவை நடந்திருந்தது. பருவம் முழுவதும் பயிற்சிகளில் அவர் பெரும்பாலும் பங்கேற்கவில்லை. அடுத்த கோடையில் அதே முழங்காலுக்காக ஜெர்மனிக்குப் போய்ச் சிகிச்சை பெற்றார். லேக்கர்ஸ் அணியில் எதிரணியின் முரட்டு ஃபார்வேர்டுகளை (முன்கள ஆட்டக்காரர்களை) சமாளிக்க ரான் ஆர்டெஸ்ட் இருந்தார். கூடைக்கு அருகே உயரமான ஆண்ட்ரூ பைனமும் பாவ் காசோலும் நின்றார்கள். கோபி பெரும்பாலும் குறைந்த ஆபத்துள்ள ஆட்டக்காரரை ஏற்று, அவரிடமிருந்து இரண்டு மூன்று எட்டு விலகி, பந்து வரும் பாதையைப் படித்துக்கொண்டு நின்றார். 2010 இறுதித் தொடரில் ராண்டோவுக்குத் தூரத்து எறிதல் வராது என்று தெரிந்து அவரைத் திறந்தே விட்டு, உதவித் தடுப்புக்கு ஓடியதும் இதே முறைதான். அறிவான ஆட்டம் அது, அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் பயிற்சியாளர்கள் வாக்களித்தபோது மனத்தில் வைத்திருந்த படம் அதுவல்ல, ஐவர்சனை நிறுத்திய கோபியின் படம் என்பது என் கணிப்பு.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நியாயமாகாது. 2010 பிளே-ஆஃப் (பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்றுகள்) முதல் சுற்றில் ஒக்லஹோமா சிட்டியின் இளம் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் லேக்கர்ஸ் தடுப்பைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் ஆட்டத்தில் கோபியே முன்வந்து அவரை ஏற்றார். லேக்கர்ஸ் 111-87 என்று வென்றது. ஆக, திறமை வற்றிவிடவில்லை. தேவைப்பட்ட இரவில் அதை எடுத்தார். பருவத்தின் மற்ற இரவுகளில் அதை எடுக்க உடல் இடம் கொடுக்கவில்லை. விருதோ பருவம் முழுவதுக்கும் உரியது.

ஆலன் இதற்கு நேர் எதிர். 2010-11இல் அவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 21 நிமிடம்தான் களத்தில் இருந்தார். கோபி 34 நிமிடம். அந்த 21 நிமிடத்தில் சராசரி 1.8 பந்துப் பறிப்பு, கோபியின் 34 நிமிடத்தில் 1.2. இருவரையும் 36 நிமிட அளவுக்குக் கொண்டுவந்தால் ஒருவருக்கு 3க்கு மேல், மற்றவருக்கு 1.3க்கும் குறைவு. ஆலன் பந்து வருவதற்கு முன்பே தன் ஆளோடு சண்டையைத் தொடங்கிவிடுவார். பந்தை வாங்கவிடாமல் மறிப்பார், ஸ்க்ரீனில் (எதிரணியினர் வழியில் நின்று போடும் மறிப்பில்) மாட்டாமல் தோளை நுழைத்துத் தாண்டுவார், இடுப்பைத் தாழ்த்தி நெஞ்சைக் கொடுத்து நிற்பார். உதவிக்கு யாரையும் கூப்பிடாத தடுப்பு அது.

பந்துப் பறிப்பு எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சூதாடிப் பாய்கிறவருக்கும் அது ஏறும், தவறிய பாய்ச்சல்கள் எதிலும் பதிவாகாது. அதைக் குறிப்பவர்கள் சொந்த அரங்கின் கணக்காளர்கள் என்பதும் ஒரு சிக்கல். ஜோர்டன் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வென்ற 1987-88இல் அவருடைய 259 பறிப்புகளில் 165 சொந்த ஊரில், 94 மட்டுமே வெளியூரில்.

பயிற்சியாளர்களின் வாக்கையும் அப்படியே வேதமாக எடுக்க முடியாது. தன் அணி ஆட்டக்காரருக்கு வாக்களிக்கக் கூடாது என்ற விதி நல்லதுதான். ஆனால் ஒரு பயிற்சியாளர் எதிரணி ஒன்றைப் பருவத்தில் அதிகம் போனால் நான்கு முறை நேரில் எதிர்கொள்கிறார். மீதி இடத்தைப் பழைய நினைவு நிரப்புகிறது. 2012இல் பத்திரிகையாளர்களும் ஒலிபரப்பாளர்களும் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரராக டைசன் சாண்ட்லரைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சியாளர்கள் அவரையே இரண்டாம் ஐவரில்தான் வைத்தார்கள். 2013-14 முதல் இந்த வாக்கும் ஊடகத்தாரிடம் போய்விட்டது. அதே பருவத்தில்தான் எல்லா அரங்குகளிலும் ஆட்டக்காரர்களின் அசைவைப் பின்தொடரும் கேமராக்கள் வந்தன. பெயரை வைத்தே ஓட்டிய காலம் அதற்குப் பிறகு கடினமாகிவிட்டது.

நான் அதிகம் நம்புவது எதிரில் நின்றவரின் சொல்லை. 2010 இறுதித் தொடரில் பாஸ்டன் அணியின் மாற்று ஆட்டக்காரராக இறங்கிக் கோபியை மறித்தவர்களில் ஆலனும் ஒருவர். ஏழாம் ஆட்டத்தில் கோபி எறிந்த 24இல் 6 மட்டுமே விழுந்தது (லேக்கர்ஸ் 83-79 என்று வென்று கோப்பையை எடுத்தது என்பது வேறு விஷயம், அதில் கோபி 15 ரீபவுண்டுகள், அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்துகள், பிடித்தார்). ஆலன் மெம்ஃபிஸுக்குப் போன பிறகும் மோதல் தொடர்ந்தது. 2016 மார்ச்சில், ஓய்வுக்குச் சில வாரங்கள் முன்பு, கோபி தன் காலணிகளில் கையெழுத்திட்டு ஆலனுக்குக் கொடுத்தார். தான் எதிர்கொண்டவர்களிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று அதில் எழுதியிருந்தார். எதிரியிடம் இரக்கம் காட்டும் வழக்கமே இல்லாத மனிதர் எழுதியது அது.

ஆலனுக்கு எதிராகச் சொல்ல வலுவான ஒன்று இருக்கிறது. அவருடைய மூன்று புள்ளி எறிதல் வாழ்நாள் சராசரி ஏறத்தாழ 28 விழுக்காடு. 2015 மேற்குப் பகுதி அரையிறுதியில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக மெம்ஃபிஸ் 2-1 என்று முன்னிலையில் இருந்தது. இரண்டாம் ஆட்டத்தில் ஆலன் தன்னை முதல் ஐவர் தடுப்பாட்டக்காரன் என்று மைக்கில் விழும்படி கத்தியது இன்றும் காதில் கேட்கிறது. நான்காம் ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், கூடையடியில் நிற்கும் உயரமான சென்டர் ஆண்ட்ரூ போகட்டை ஆலனுக்குப் பெயரளவில் நிறுத்தி, உண்மையில் அவரைத் திறந்தே விட்டார். கூடையடி போகட்டின் காவலுக்கு வந்தது, மெம்ஃபிஸ் திணறியது, தொடர் 4-2 என்று கைமாறியது. ஆலனைக் களத்தில் வைத்திருக்க அவருடைய அணி கொடுத்த விலை இதுதான்.

கோபியின் சுமையும் கணக்கில் வர வேண்டும். 2011-12இல் ஆட்டத்துக்கு 38 நிமிடத்துக்கு மேல் ஆடி, 23 முறை எறிந்து, 27.9 புள்ளிகள் எடுத்தவரிடம் ஆலனின் மூச்சைக் கேட்க முடியாது. யார் பெரிய ஆட்டக்காரர் என்றால் யோசிக்கவே மாட்டேன், கோபிதான். 2011 பிளே-ஆஃபில் டாலஸிடம் லேக்கர்ஸ் 4-0 என்று நொறுங்கியதை அவருடைய தலையில் கட்டுவதும் தவறு. வாக்கு வழக்கமான பருவத்துக்கு உரியது, அந்தச் சரிவு முழு அணியுடையது. ஆனால் வாக்குச் சீட்டில் கேட்ட கேள்வி தடுப்பாட்டத்தைப் பற்றியது. சுமைக்கு அதில் கட்டம் இல்லை.

என் கையில் சீட்டு இருந்திருந்தால் 2000 முதல் 2004 வரை கோபிக்குக் கிடைத்தவற்றில் ஒன்றையும் தொட மாட்டேன். 2011இல் ராண்டோவோடு ஆலனை முதல் ஐவரில் எழுதி, கோபியை இரண்டாம் ஐவருக்கு இறக்குவேன். 2012இல் கோபி இருந்த இரண்டாம் ஐவர் இடத்தை, அந்த வசந்தத்தில் ரே ஆலனைத் தள்ளிவிட்டுப் பாஸ்டனின் தொடக்க ஐவரில் நுழைந்த ஏவரி பிராட்லிக்குக் கொடுப்பேன்.