புதிய டிஸ்க் விற்காமல் பழைய கேபிளைக் கழற்றிய கடை

கிளிநொச்சியில் ஏ9 வீதியை அண்டி இருக்கும் ஒரு சிறிய கணினி திருத்தும் கடையைப் பற்றியது இந்தக் குறிப்பு. ஒருவரே எல்லா வேலையையும் செய்வதால் கூட்டம் கூடினால் தாங்காது என்று சொல்லி, பெயரை எழுத வேண்டாம் எனக் கடைக்காரர் கேட்டுக்கொண்டார்.

பரந்தனுக்கு அருகிலுள்ள ஓர் அரிசி ஆலையின் கணக்குச் சேர்வரை நான் பார்த்துவருகிறேன். டெபியன் லினக்ஸில் ஓடும் அந்தச் சேர்வரில் சாட்டா கேபிளில் இணையும் இரண்டு எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள் ரெயிட் 1 முறையில், ஒன்றுக்கு ஒன்று நகலாக இருக்கின்றன. காலபோக நெல் வந்து குவியத் தொடங்கிய மாசி மாதத்தில், தராசுச் சீட்டு அடிக்கும் நேரம் பார்த்து அது அரை நிமிடம் உறைந்து நிற்கத் தொடங்கியது. வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்க, மூடைக் கணக்குப் பதியாமல் விவசாயிகளுக்குப் பதில் சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது ஆலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வேறோர் ஊரிலுள்ள கடை, டிஸ்க் பழுது என்று ஒரே பார்வையில் முடிவுசெய்து புதியது ஒன்றை விற்றது. நான்காம் நாளே புதிய டிஸ்க்கும் அதேபோல் உறைந்தது.

கிளிநொச்சிக் கடைக்காரர் முதலில் கேட்டது டிஸ்க்கின் விலையையோ வயதையோ அல்ல. “அண்ணை, டேட்டாவுக்கு வேற நகல் இருக்கோ? இல்லாட்டி இதில கை வைக்க மாட்டன்” என்றார். நகல் எடுத்து முடித்த பின்னரே, லினக்ஸின் மையப்பகுதியான கேர்னல் பிழைகளை எழுதிவைக்கும் பதிவைத் திறந்தார். டிஸ்க்கை மாற்றிய பிறகும் பிழை அதே மூன்றாவது போர்ட்டிலேயே வந்திருந்தது. இணைப்பின் வேகமும் 6 கிகாபிட்டிலிருந்து 3க்கும், பின்னர் 1.5க்கும் இறங்கியிருந்தது. டிஸ்க்குக்கு அனுப்பிய கட்டளைக்கு லினக்ஸ் வழக்கமாக 30 வினாடி காத்திருந்து, பதில் வராவிட்டால் இணைப்பை மீளத் தொடக்கும் என்பதையும், ரெயிட் 1இல் எழுதும் வேலை இரண்டு டிஸ்க்கிலும் முடிந்தால்தான் முடிந்ததாகும் என்பதால் ஒன்று முடங்க மற்றதும் சேர்ந்து காத்திருக்கும் என்பதையும் அவர் விளக்கியபோதுதான், அந்த அரை நிமிடக் கணக்கு எனக்குப் புரிந்தது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவிடலாமா என்று கேட்டேன். அது நோயை மறைக்கும் வேலை என்று மறுத்துவிட்டார்.

அடுத்து அவர் பார்த்தது, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரம். பழுதான பகுதிகளை மாற்றியதைக் காட்டும் எண்ணிக்கை பூச்சியம். ஆனால் 199ஆம் இலக்கத்தில் வரும் சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை, புத்தம்புதிய டிஸ்க்கில் நூற்றைத் தாண்டியிருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான வழியில் தரவு சிதைந்தால்தான் இந்த எண் ஏறும், ஆகவே பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். மூடியின் ஓரத்தில் மடிந்து நெரிந்து கிடந்த டேட்டா கேபிளைக் கழற்றி வேறொன்றைப் போட்டார். கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது, அதை எழுதி வைத்துவிட்டு மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்று சொன்னது, நான் எங்கும் கேட்டிராத பயனுள்ள அறிவுரை. எண் அங்கேயே நின்றது.

ஆனால் இரவில், சேர்வர் சும்மா இருக்கும் வேளையில், சி.ஆர்.சி. எண் ஏறாமலே இணைப்பு மீளத் தொடங்குவது தொடர்ந்தது. இரண்டு டிஸ்க்கும் ஒரே மின்கம்பிப் பிரிப்பானில் மின்சாரம் எடுப்பதைச் சந்தேகித்து மல்டிமீட்டர் பிடித்தார். 5 வோல்ட் சரியாகவே காட்டியது. கண நேர வீழ்ச்சியை மல்டிமீட்டர் காட்டாது என்று தானே சொல்லிக்கொண்டு, பிரிப்பானை நீக்கித் தனித்தனி இணைப்புக் கொடுத்தும் பார்த்தார். மாற்றமில்லை. கடைசியில், வேலையில்லாதபோது சாட்டா இணைப்பை உறக்கத்துக்கு அனுப்பும் மின்சேமிப்பு அமைப்பை முழு வேகத்துக்கு மாற்றியதும் அமைதி வந்தது. உறக்கத்திலிருந்து சில டிஸ்க்குகள் ஒழுங்காக எழும்புவதில்லையாம், சாட்டா இல்லாமல் வேறு வழியில் இணையும் என்.வி.எம்.ஈ. டிஸ்க்குகளிலும் இதற்கு ஒப்பான தொல்லை உண்டு.

கூலி 4,500 ரூபா, கேபிள்களுக்கு 1,200. முந்தைய கடையில் வாங்கிய டிஸ்க்கின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. கழற்றிய பழைய டிஸ்க்கும் நல்ல நிலையில் இப்போது நகல் எடுக்கப் பயன்படுகிறது.

குறை இல்லாமலும் இல்லை. ஐந்து நாள் எடுத்தது, அறுவடைக் காலத்தில் அது நீண்ட காலம். பற்றுச்சீட்டில் ‘சேர்விஸ்’ என்ற ஒரே சொல்லைத் தவிர, என்ன செய்தார் என்ற விவரம் எதுவும் இல்லை. அதைவிட, மின்சேமிப்பு அமைப்பை ஓடும் நிலையில் மட்டும் மாற்றிவிட்டு நிலைப்படுத்த மறந்துவிட்டார். இரண்டு கிழமை கழித்து மின்வெட்டு நீண்டு, யூ.பி.எஸ்.உம் தீர்ந்து சேர்வர் மறுபடி தொடங்கியபோது, பழைய நோய் அன்றிரவே திரும்பியது. தொலைபேசியில் அழைத்தேன். தவறு தன்னுடையதுதான் என்று உடனே ஒப்புக்கொண்டு, தொடங்கும் ஒவ்வொரு முறையும் அமைப்பை மாற்றும் விதியை, லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற பகுதிக்காக வரி வரியாகச் சொல்லி எழுதவைத்தார். அதற்குப் பணம் கேட்கவில்லை.

சேர்வர் கொண்டுபோகிறவர்கள் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போகாமல், கேபிள்களில் கை வைக்காமல் பெட்டியை அப்படியே கொண்டுபோங்கள். முன்கூட்டியே அழைத்து நாள் கேட்பதும் அவசியம்.