வேர்ட்பிரஸ் தளத்துக்கு எத்தனை ஜிபி போதும்? நீண்ட நாள் ஓட்டத்தில் தெரியவரும் கணக்கு

ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் வாடகை இடம்) வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு தமிழ் இதழ்த்தளம் மூன்று ஆண்டு ஓடினால் எவ்வளவு இடம் பிடிக்கும்? வாங்கும்போது எல்லாரும் பக்கங்களைத்தான் எண்ணுகிறார்கள். அதில் பெரிய பயன் இல்லை. இடத்தைத் தின்பது நகல்கள்: ஒரே படத்தின் நகல், ஒரே கட்டுரையின் நகல், தளத்தின் நகல்.

எழுத்திலிருந்து தொடங்கலாம். எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'கி' என்பது 'க'வும் இகரக் குறியும் சேர்ந்தது, ஆக 6 பைட். ஆயிரம் சொல் கட்டுரை ஏறத்தாழ 25 கேபி வரும். அப்படி ஆயிரம் கட்டுரை போட்டாலும் 25 எம்பிதான். ஆனால் ஒவ்வொரு முறை 'அப்டேட்' அழுத்தும்போதும் வேர்ட்பிரஸ் முழுக் கட்டுரையையும் ரிவிஷனாக எடுத்து வைக்கிறது. இயல்பாக அதற்கு உச்சவரம்பு கிடையாது. கட்டுரைக்கு 20 ரிவிஷன் என்றால் அந்த 25 எம்பி 500 எம்பியைத் தாண்டிவிடும். கட்டுரைகள் சேரும் டேட்டாபேஸுக்கு மட்டும் தனி வரம்பு வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில் முதலில் இடிப்பது இங்கேதான். wp-config.php என்ற கான்ஃபிக் கோப்பில் ரிவிஷனுக்கு 5 என்று வரம்பு போட்டால் போதும். பழையவற்றை அழித்த பிறகும் டேபிளின் அளவு குறையாமல் நிற்கும்; டேட்டாபேஸைக் கையாளும் கருவியான பிஎச்பி மைஅட்மினில் 'ஆப்டிமைஸ் டேபிள்' கொடுத்தால்தான் காலியான இடம் திரும்பும்.

படங்கள்தான் பெரிய செலவு. போனில் எடுத்த 4000 × 3000 படம் சுமார் 4 எம்பி. அதை அப்படியே ஏற்றினால் மூலப்படம் அழியாமல் இருக்கும். கூடவே 2560, 2048, 1536, 1024, 768, 300, 150 பிக்சல் அளவுகளில் ஏழு நகல்கள் உருவாகும். மொத்தம் 8 கோப்பு, கிட்டத்தட்ட 6 எம்பி. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமும், கடைக்கான பிளகின்களும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) தங்கள் பங்குக்கு இன்னும் சில அளவுகளைச் சேர்க்கும். தீமை மாற்றினாலும் பழைய தீம் வெட்டிய நகல்கள் போகாது, கேட்பாரற்றுக் கிடக்கும்.

அதே படத்தை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, 250 கேபி அளவில் ஏற்றினால் நகல்களோடு சேர்த்து 700 கேபிக்குள் முடிந்துவிடும். வாரம் 3 பதிவு, பதிவுக்கு 3 படம் என்றால் ஆண்டுக்கு 468 படம். சுருக்காமல் ஏற்றினால் 2.8 ஜிபி, சுருக்கினால் 330 எம்பி. ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பாக வரும் வெப்பி (WebP) பட வடிவத்தை வேர்ட்பிரஸ் 2021-இல் வந்த 5.8 பதிப்பு முதல் ஏற்கிறது. ஏற்றும் முன்பே மாற்றிக்கொள்வது நல்லது. ஏற்றிய பிறகு மாற்றித்தரும் பிளகின்கள் பல, ஜேபெக்கையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே வெப்பியையும் போடும். தளம் வேகமாகும், இடம் குறையாது.

வீடியோவைச் சொந்த இடத்தில் வைக்கவே வேண்டாம். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் பத்து நிமிடம் என்றாலே 375 எம்பி.

பேக்கப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை என்பதால் ஜிப் செய்தாலும் குறையாது. 1.5 ஜிபி தளத்தின் பேக்கப்பும் ஏறக்குறைய 1.5 ஜிபிதான். வாரம் ஒன்று வீதம் நான்கை அதே சர்வரில் வைத்தால் 6 ஜிபி. சர்வரே போனால் அந்த நான்கும் சேர்ந்து போகும் என்பது வேறு கதை. கூகுள் டிரைவுக்கு அனுப்பினாலும், ஜிப் உருவாகும் நேரத்தில் அந்த அளவு இடம் காலியாக இருக்க வேண்டும்.

'அன்லிமிடெட்' திட்டம் வாங்குவோர் விதிமுறைப் பக்கத்தில் ஐநோட் (கோப்பு எண்ணிக்கைக் கணக்கு) என்ற சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். கோப்பு ஒன்றுக்கு ஒரு ஐநோட், ஃபோல்டருக்கும் ஒன்று, வந்த மின்னஞ்சல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வேகத்துக்காகப் பக்கங்களின் நகலைச் சேமிக்கும் கேஷ் பிளகின், பக்கத்துக்குப் பக்கம் கோப்பு எழுதிக் குவிக்கும். ஜிபி பாதிகூட நிரம்பாத தளம், கோப்பு எண்ணிக்கை முட்டி நின்றுபோவதுண்டு.

நிரம்பினால் 'இடமில்லை' என்று பளிச்சென்று சொல்லாது. படம் ஏறாது, பிளகின் அப்டேட் பாதியில் அறுந்து தளம் வெள்ளையாகும். அதே கணக்கில் மின்னஞ்சலும் இருந்தால் வரும் கடிதங்கள் திரும்பிப் போகும். அட்டாச்மென்ட் அஞ்சலில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருக்கும் என்பதால் 2 ஜிபி பெட்டியும் நினைத்ததைவிடச் சீக்கிரம் நிரம்பும்.

இனிக் கூட்டலாம். வேர்ட்பிரஸ், தீம், பிளகின்கள் 300 எம்பி. மூன்று ஆண்டுப் படங்கள் 1 ஜிபி. டேட்டாபேஸ் 200 எம்பி. பேக்கப் எடுக்க இன்னொரு 1.5 ஜிபி. அஞ்சலுக்கு 2 ஜிபி. ஆக 5 ஜிபி திட்டம் மூச்சுத் திணறும், 10 ஜிபி தாராளம். படங்களைச் சுருக்காதவருக்கு அவை மட்டுமே 8.4 ஜிபி, பேக்கப், அஞ்சல் எல்லாம் சேர்த்தால் 20 ஜிபியைத் தொட்டுவிடும்.

இப்போதைய நிலையைப் பார்க்க வேர்ட்பிரஸில் டூல்ஸ், சைட் ஹெல்த், இன்ஃபோ என்று போய் 'டைரக்டரீஸ் அண்ட் சைஸஸ்' பகுதியைத் திறக்கலாம். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலின் 'டிஸ்க் யூசேஜ்' அஞ்சலையும் சேர்த்துக் காட்டும். பிழைகளைப் பதியும் டீபக் லாகை ஆன் செய்து மறந்திருந்தால் அந்த ஒரே கோப்பு ஜிபி கணக்கில் வளர்ந்து நிற்கும். முதலில் அதைத் தேடுங்கள். சிபேனல் ஃபைல் மேனேஜரில் அழித்தவை டிராஷ் ஃபோல்டருக்குத்தான் போகின்றன. அதையும் காலி செய்தால்தான் கணக்கு இறங்கும்.