டொல்பினில் ஒரு தட்டல்: போனா, ஸ்கேனரா, கம்பியா, ஸ்பனரா?

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போகிற வாகனம் ஏ9 வீதியில் குறைவு. நானும் நிறுத்தினேன். பின்சீற்றில் வந்த பெரியம்மா தேங்காய் உடைத்துவிட்டு வரும்வரைதானே என்று எஞ்சினை ஓடவிட்டிருந்தேன். கச்சான் விற்கிற அக்கா சரையை ஜன்னலுக்குள்ளே நீட்டியபடி சொன்னா: “தம்பி, வான் தட்டுது.” நாள் முழுக்க வாகனங்கள் பக்கத்தில் நின்று உறுமுவதைக் கேட்கிற காது அது. அவ சொன்ன பிறகுதான் எனக்கும் கேட்டது. டொக், டொக், டொக். மரக்கதவில் விரல் மடக்கித் தட்டுகிற மாதிரி.

இரண்டு நாளில் நாலு தீர்ப்பு கிடைத்தது. ரொறொன்ரோவில் இருக்கிற மச்சான் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு “டப்பெட்”, அதாவது வால்வ் இடைவெளிச் சத்தம் என்றான். பக்கத்து வீட்டு மாஸ்டர் வவுனியாவுக்குக் கொண்டுபோய் கணினியில் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு கராஜில் சீற்றைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் “கொன் பெயரிங் போட்டுது அண்ணை, எஞ்சின் இறக்கவேணும்” என்றார்கள். பிஸ்டனின் தடி கிராங் தண்டைப் பிடிக்கிற இடத்திலுள்ள பெயரிங் அது. விசுவமடுவில் இருக்கிற ஒரு வயதான மெக்கானிக் மட்டும், “இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது. நாளைக்குக் காலமை, எஞ்சின் ஆறினபடி கொண்டு வா” என்றார்.

என்னுடையது முப்பது வயதைத் தொட்ட டொல்பின், பழைய டொயோட்டா ஹைஏஸ் வானுக்கு நாங்கள் சொல்கிற பேர். 3எல் டீசல் எஞ்சின், 2779 சிசி, நாலு சிலிண்டர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய வான் வைத்திருந்தவர்கள் அதை விற்கவும் மனமில்லாமல், மாற்றவும் வழியில்லாமல் ஓட்டினோம். ஆகவே ‘எஞ்சின் இறக்கவேணும்’ என்ற சொல் எனக்குச் சின்னச் சொல் இல்லை. இறக்குவதற்கு முன் எந்தச் சோதனை உண்மையைச் சொல்லும், எது ஏமாற்றும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

போனில் அனுப்புவதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பேச அதிகம் இல்லை. போன் மைக் சத்தத்தின் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அடியில் வருகிற கனத்த இடி அதில் மெலிந்துவிடும், மேலே வருகிற மெல்லிய ‘டிக்’ பெரிதாகிவிடும். எஞ்சினுக்கு அடியிலுள்ள ஒயில் சம்புக்குள் அடிப்பதும் மேலேயுள்ள வால்வ் மூடிக்குள் அடிப்பதும் ரொறொன்ரோவுக்குப் போய்ச் சேரும்போது ஒரே சத்தம்தான். மச்சான் மேல் பிழை இல்லை.

ஸ்கேனர் விஷயத்தில் மாஸ்டரோடு சண்டை பிடிக்க முடியாது, அவருடைய வாகனம் புதிது. பிந்தி வந்த கேடிஎச் வான் மாதிரி, டீசலைக் கணினி அளந்து விடுகிற கொமன் றெயில் எஞ்சினுக்கு ஸ்கேனர்தான் முதல் கருவி. எந்த இன்ஜெக்டர் கூடுதலாக டீசல் விடுகிறது, எது குறைவாக விடுகிறது என்று எண்ணாகவே காட்டும். டொல்பினில் அந்த வயரைச் சொருக ஓட்டையே கிடையாது. பம்பும், டீசலைத் தெளிக்கிற நொசிலும் முழுக்க இரும்பு வேலை, சென்சர் வைத்துக் கணக்குப் பார்க்கிற பெட்டி ஒன்றும் இல்லை. எழுபதுக்கு மேல் கிலோமீற்றர் தட்டத் தட்ட ஓடி வவுனியாவுக்குப் போய், “இதுக்குப் போட ஏலாது” என்று கேட்டுவிட்டுத் திரும்புவதுதான் நடக்கும்.

அடுத்தது கம்பி. இதில்தான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

டொல்பினில் எஞ்சின் முன்சீற்றுக்குக் கீழே. சீற்றைத் தூக்கினால் எஞ்சினின் மேல்பாதி மடியில் வைத்த மாதிரி வந்துவிடும். அடுத்த நாள் காலை விசுவமடு மெக்கானிக் அண்ணை எடுத்தது இரண்டடி நீளமான இரும்புக் கம்பி. ஒரு முனையைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்தார், மறு முனையை வால்வ் மூடியில் வைத்தார். பிறகு ஒவ்வொரு நொசிலிலும், புளொக்கின் பக்கத்திலும், பெல்ட்டுக்குக் கை போகாமல் பார்த்து ஓல்டனேற்றரிலும் வைத்தார். கடைசியில் வானுக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்து, சம்பில் வைத்தார். என்னையும் கேட்கச் சொன்னார். வால்வ் மூடியில் தையல் மெஷின் மாதிரி ‘டிக் டிக்’. மூன்றாவது நொசிலில் மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி. சம்பிலும் அதே அடி, ஆனால் கம்பளிக்குள் சுற்றின மாதிரி.

கம்பியின் பலம் அதுதான், சத்தம் இருக்கிற ஊரைக் காட்டிவிடும். வீட்டைக் காட்டாது. இரும்பு முழுக்க ஒரே உடம்பு, மூன்றாவது சிலிண்டரின் அடி பக்கத்துச் சிலிண்டரிலும் கேட்கும். காஸ் கசிவுக்குக் கம்பி உதவவே உதவாது. புகை வெளியே போகிற மனிபோல்டின் கஸ்கெற் ஊதினால் வருகிற சத்தம் டப்பெட் சத்தத்தை உரித்து வைத்த மாதிரி இருக்கும். அதற்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸில் ஒரு முழம் வெட்டிக் காதில் வைத்து, மறுமுனையை மனிபோல்ட் ஓரமாக நகர்த்தவேண்டும். சைலன்சர் வாயைச் சாக்கால் அரைகுறையாக மறைத்தால் கசிவுச் சத்தம் கூடும். எங்கள் வானில் அது கூடவில்லை. ஒரு சந்தேகம் கழிந்தது.

இன்னொரு சந்தேகத்தை அண்ணை ஃபான் பெல்ட்டைக் கழற்றியே கழித்தார். இந்த எஞ்சினில் பிரேக்குக்கான வக்கூம் பம்ப் ஓல்டனேற்றரின் பின்பக்கத்தில் இருக்கிறது. அது தேய்ந்து கடகடத்தால் எஞ்சினே போன மாதிரி சத்தம் வரும். பெல்ட் இல்லாமல் அரை நிமிடம் ஓடவிட்டார். தண்ணீர் பம்பும் நின்றுவிடும், அதனால் அதற்கு மேல் ஓடவிடக்கூடாது. தட்டல் அப்படியே இருந்தது. வக்கூம் பம்ப் தப்பியது. பெல்ட் இல்லாத வானை யாரும் றோட்டில் எடுத்துவிடாதீர்கள், பிரேக் மிதிக்கும்போது கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும்.

இனி ஸ்பனர். நொசிலுக்குப் போகிற டீசல் பைப்பின் நட்டைப் பதினேழாம் நம்பர் ஸ்பனரால் அரைச் சுற்றுத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது, வெளியே கசியும். மற்ற மூன்றும் வேலை செய்யும். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் நொண்டும், தட்டல் மாறாது. தட்டுகிற சிலிண்டரைத் தளர்த்தினால் தட்டல் நிற்கும், அல்லது நன்றாகக் குறையும். நட்டைச் சுற்றித் துணி போடவேண்டும், கையை நேரே பிடிக்கக்கூடாது. பழைய நொசில் திறப்பதே 100 பாருக்கு மேல் அழுத்தத்தில். கொமன் றெயில் எஞ்சினில் இந்தச் சோதனையைக் கனவிலும் செய்யாதீர்கள். அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மாஸ்டருடைய வானுக்கு ஸ்கேனர், என்னுடைய வானுக்கு ஸ்பனர். இரண்டையும் மாற்றிப் பிடித்தால் ஒன்றில் காசு போகும், மற்றதில் கை போகும்.

ஒன்று, இரண்டு, நாலு: மாற்றமில்லை. மூன்று தளர்ந்ததும் தட்டல் அடங்கியது. நான் கைதட்டாத குறை. “நொசில்தான், என்னண்ணை?” என்றேன். அவர் பீடியைப் பற்றவைத்தார். “அவசரப்படாத.”

அதற்குக் காரணம் உண்டு. ஸ்பனர் சோதனையை நம்புகிற பலர் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். நொசில் சொட்டினாலும் தட்டும், கொன் பெயரிங் தேய்ந்தாலும் தட்டும். இரண்டிலும் அந்தச் சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் சத்தம் குறையும். நெருப்பு இல்லையென்றால் பிஸ்டனைக் கீழே தள்ளுகிற அடி இல்லை, தேய்ந்த பெயரிங்கும் வாயை மூடிக்கொள்ளும். ‘கொன் பெயரிங்’ என்ற அந்தக் கராஜ்காரரும் ஒருவேளை சரியாக இருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

இரண்டையும் பிரிக்க ஒயில் பிறெசர் கேஜ் இருக்கிறது. என் கணிப்பில் எல்லாவற்றுக்கும் முதல் போடவேண்டியது இதுதான். ஆனால் யாரும் போடுவதில்லை. டாஷ்போர்ட் விளக்கு அழுத்தம் அநேகமாகத் தீர்ந்த பிறகுதான் எரியும், அதை நம்பி இருக்கக்கூடாது. விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜின் ஹோஸைப் பூட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பார்க்கவேண்டும். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது கராஜ்களில் புழங்குகிற கைக்கணக்கு. சூடானதும் முள் படுத்துவிட்டால் வானை அங்கேயே நிறுத்தவேண்டும், வீட்டுக்கும் ஓட்டக்கூடாது. என் வானில் முள் நிமிர்ந்து நின்றது. கேஜ் எந்தச் சிலிண்டர் என்று சொல்லாது, ஒரேயொரு பெயரிங் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அதுவும் தெரியாமல் போகலாம். ஆனாலும் ‘இன்னும் ஓடவிட்டுச் சோதிக்கலாமா’ என்ற கேள்விக்கு விடை தருகிற கருவி இது ஒன்றுதான்.

அதோடு ஒயில் பில்டரையும் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளே இருக்கிற கடதாசியைப் பிளேட்டால் கீறி வெயிலில் விரித்தார். மினுமினுப்பு இருக்கிறதா என்று பார்க்க. காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு, கிராங் அல்லது கேம் பக்கம். ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுங்கினால் பெயரிங். எங்களுக்குக் கிடைத்தது கரி மட்டும்.

கடைசிச் சோதனை எளிது, ஆனால் மினக்கெட்ட வேலை. மூன்றாவது நொசிலையும் முதலாவது நொசிலையும் இடம் மாற்றிப் போடுவது. நாலுக்கும் பொதுவான றிற்றேர்ன் பைப்பைக் கழற்றவேண்டும், நீளமான சொக்கெட் வேண்டும், அடியில் போடுகிற வாஷர்கள் புதிதாக வேண்டும். பழையதையே போட்டால் காஸ் கசிந்து வேறு ஒரு சத்தத்தை நாமே உண்டாக்கி வைப்போம். கிளிநொச்சிக்குப் போய் வாஷர் வாங்கிவர அரை நாள் போனது. பூட்டி, காற்று இறக்கி, ஸ்டார்ட் பண்ணினோம். தட்டல் முதலாவது சிலிண்டருக்குப் போயிருந்தது. பெயரிங் இடம் மாறி நடக்காது, நொசில் மட்டும்தான் நடக்கும்.

இதோடு ‘இறக்கிப் பாப்பம்’ என்ற வழியையும் நியாயமாக எடைபோடவேண்டும். அது பொய் சொல்லாது. கண்ணால் பார்ப்பதற்கு மேல் என்ன இருக்கிறது? ஆனால் என் விஷயத்தில் பெயரிங்கை மாற்றி, றிங் மாற்றி, கஸ்கெற் செற் மாற்றி, கடைசியில் அதே நொசிலைத் துடைத்துப் பூட்டியிருப்பார்கள். ஒரு மாத ஹயர் காசு போன பிறகும் வான் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். கேஜில் முள் படுத்திருந்தால், பில்டரில் செம்பு மினுங்கியிருந்தால், நானே இறக்கச் சொல்லியிருப்பேன். அப்போதும் முதலில் சம்பை மட்டும் கழற்றிக் கொன் மூடிகளைப் பார்க்கச் சொல்வேன். தடித்த ஒயில் ஊற்று, அந்தப் போத்தல் மருந்து ஊற்று என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். அது நோயாளியின் வாயைப் பொத்துகிற வைத்தியம்.

அண்ணைக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 1990க்குப் பிறகு பாதை பூட்டியிருந்த காலத்தில் வேலை பழகினவர். எரிபொருள் தடையில் மொறிஸ் மைனர்களையும் மோட்டார் சைக்கிள்களையும் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய காலம். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, எந்தப் பெற்றோல் எஞ்சினும் அதில் தட்டத்தான் செய்யும். “அப்ப ஊரில எல்லாமே தட்டும். எது எண்ணெயால தட்டுது, எது எஞ்சினால தட்டுது எண்டு பிரிச்சுக் கேக்காட்டி, கழட்டினாப் பிறகு போட சாமான் எங்க?” என்றார்.

நாலு நொசிலையும் டீசல் பம்ப் வேலை செய்கிற கடையில் கொடுத்தேன். கைப்பம்பில் பூட்டி அழுத்தினார்கள். மற்ற மூன்றும் பனி மாதிரிப் பொழிந்தன. தட்டின நொசில் மூக்குச் சளி மாதிரி ஒரு துளியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் போத்தலிலும் கானிலும் வாங்கி ஊற்றின டீசலை நினைத்துக்கொண்டேன். அதுதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன், முப்பது வருடம் என்பதே போதுமான காரணம். நாலுக்கும் புது முனை போட்டுப் பூட்டினோம்.

போன கிழமை திரும்பவும் முறிகண்டியில் நின்றபோது கச்சான் அக்காவிடம் கேட்டேன். தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டா. “பெரிசு போட்டுது. உள்ளுக்க சின்னனா ஒண்டு இன்னும் டிக்கெண்டுது.” வீட்டுக்கு வந்து கம்பியை வால்வ் மூடியில் வைத்துப் பார்த்தேன். உண்மைதான், பெரிய தட்டலுக்குள் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்த வால்வ் இடைவெளிச் சத்தம். இந்த எஞ்சினில் திருகிச் சரிசெய்ய முடியாது, சரியான தடிப்பில் ஷிம் என்கிற சின்ன இரும்புத் தகடு எடுத்துப் போடவேண்டும். ஷிம் தேடிக்கொண்டிருக்கிறேன். டப்பெட் என்று அன்றைக்கே சொன்ன மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.