வேகமானியா, அட்டையா: ஏர் ரைபிள் பெல்லட்டைத் தேர்ந்தெடுக்க எதை நம்புவது?

தோட்டாவுக்குத் தாங்களே மருந்து நிரப்பிச் சுடுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். மருந்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள், குறைப்பார்கள், குண்டை மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் வேகத்தை அளந்து, இலக்கு அட்டையில் சுட்டுப் பார்த்து, நோட்டில் குறித்து வைப்பார்கள். நம் ஊரில் அதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும். ஆனால் 4.5 மி.மீ. காலிபருக்கும் 20 ஜூலுக்கும் மேற்போகாத ஏர் ரைபிளுக்கு (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சுடக் கற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். மருந்தை மாற்ற வழியில்லாத இந்த விளையாட்டில் நம் கையில் இருப்பது பெல்லட் (ஏர் ரைபிளில் போடும் சிறு ஈயக் குண்டு) தேர்வு ஒன்றுதான். அதனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

கொஞ்ச நாள் சுட்டுப் பழகிய பையன்கள் தவறாமல் கேட்பது: “அண்ணே, வேகம் அளக்குற மெஷின் வாங்கட்டுமா?” என் பதில் எப்போதும் ஒன்றுதான். “முதல்ல ரெண்டு மூணு வகை பெல்லட் வாங்கு மக்கா. அட்டையில சுட்டுப் பாரு. மெஷின் அப்புறம்.”

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பந்தயத்துக்கான 10 மீட்டர் ரைபிளில் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 10 மீட்டரைக் கடக்க அதற்கு 0.06 நொடி ஆகிறது. அதற்குள் ஏறக்குறைய 17 மி.மீ. கீழே இறங்கிவிடும். வேகம் நொடிக்கு 1 மீட்டர் மாறினால் இந்த இறக்கம் 0.2 மி.மீ. மட்டுமே மாறும். பத்து சுடுகளுக்குள் 3 மீட்டர் வித்தியாசம் வந்தாலும் அட்டையில் அது 0.6 மி.மீ.தான். அட்டையிலோ ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மி.மீ. இடைவெளி, அதுதான் ஒரு புள்ளி. தசமப் புள்ளியில் எண்ணினால் 0.1 புள்ளிக்கு 0.25 மி.மீ. ஆக, 3 மீட்டர் வேக மாற்றம் கால் புள்ளிக்கும் குறைவாகவே பறிக்கும். உங்கள் குரூப் (அட்டையில் விழுந்த துளைகளின் கூட்டம்) மேலும் கீழுமாக 5 மி.மீ. நீண்டிருந்தால் பழியை வேகத்தின் மேல் போட முடியாது. மூச்சு, தோள், பிடி இவற்றைத்தான் பார்க்க வேண்டும். குரோனோ, அதாவது வேகமானி, வாங்கினால் குரூப் சுருங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்ப்பது நல்லது.

25 மீட்டருக்குப் போனால் கதை வேறு. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் இறக்கம் 10 செ.மீ.யைத் தாண்டுகிறது. அதே 3 மீட்டர் மாற்றம் இப்போது கிட்டத்தட்ட 4 மி.மீ. ஆகிவிடும். அங்கே வேகமானி சும்மா அலங்காரப் பொருள் இல்லை.

சரி, வேகமானி எதற்கு? என் பார்வையில் அது பெல்லட்டைவிடத் துப்பாக்கியைச் சோதிக்கும் கருவி. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் மாதிரி. ஸ்பிரிங் துப்பாக்கியில் வாஷர் தேய்ந்தால் வேகம் மெல்ல இறங்கும். எண்ணெய் அதிகம் விட்டிருந்தால் அது உள்ளே எரிந்து முதல் சில சுடுகள் அசாதாரண வேகம் காட்டும். பிசிபியில் (முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பிச் சுடும் துப்பாக்கி) அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கசிந்தால், கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டுச் சுடும் முதல் பெல்லட் மட்டும் வேகத்தில் தனியாக நிற்கும். இதையெல்லாம் அட்டை சொல்லாது, எண் சொல்லிவிடும்.

வேகமானியிலும் வகைகள் உண்டு. செலவே இல்லாதது கைபேசி. சுடும் சத்தத்துக்கும் இலக்கில் அடிக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பதிவு செய்து, ஒலி திரும்பி வரும் நேரத்தைக் கழித்தால் வேகம் கிடைக்கும். 10 மீட்டரில் ஒரு மில்லி நொடி பிசகினாலே வேகம் நொடிக்கு 3 மீட்டர் அளவுக்குத் தவறும். துப்பாக்கி உத்தேசமாக எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய இது போதும், சுடுக்குச் சுடு ஒப்பிட முடியாது. பெல்லட்டின் நிழலை உணரும் குரோனோ ஓரளவு கட்டுப்படியாகும் விலையில் வரும், ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் தடுமாறும்; வீட்டுக்குள் என்றால் குண்டு பல்பு வேண்டும். பேரல் முனையில் மாட்டும் சிறிய கருவி வசதிதான். ஆனால் முனையில் பாரம் ஏறினால் பெல்லட் விழும் இடமே மாறலாம், அதனால் அதை மாட்டிக்கொண்டு குரூப் சுடாதீர்கள். 2023இல் வந்த கார்மின் ஸீரோ போன்ற ராடார் கருவிகள் பக்கத்தில் வைத்தாலே அளந்துவிடும், துப்பாக்கியைத் தொடாது. பணம் இருந்தால் அதுதான். ஒருவர் தனியாக வாங்குவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிக்கொள்வது நியாயம்.

இனி பெல்லட்டுக்கு வருவோம். தட்டைத் தலையா, உருண்டைத் தலையா? 10 மீட்டர் அட்டைக்குத் தட்டைத் தலைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது காகிதத்தை வட்டமாக வெட்டி எடுக்கும். துளையின் விளிம்பு வளையத்தைத் தொட்டதா இல்லையா என்று வாதாட வேண்டியிருக்காது. உருண்டைத் தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், ஓரம் பிசிறாக நிற்கும். ஆனால் 25 மீட்டரில் தட்டைத் தலை சீக்கிரம் வேகம் இழக்கும், காற்றுக்கும் அசையும். அங்கே உருண்டைத் தலை முந்திக்கொள்ளும்.

எடையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 7.5 ஜூல் சக்தியில் 0.475 கிராம் பெல்லட் நொடிக்கு 178 மீட்டர் வேகம் காட்டும், 0.535 கிராம் 167 காட்டும். பெரிய எண்ணைப் பார்த்து லேசானதே மேல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பத்து பதினோரு மீட்டர் வித்தியாசத்தை சைட்டில் (குறிபார்க்கும் கருவி) சில கிளிக் சரிப்படுத்திவிடும். உங்கள் பேரலுக்கு எது பொருந்துகிறது என்பதுதான் கேள்வி. தலை அளவும் அப்படித்தான். ஹெச்அண்ட்என் நிறுவனத்தின் ஃபினாலே மேட்ச் பெல்லட் 4.49, 4.50, 4.51 மி.மீ. தலையோடு வருகிறது. நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்; கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். பேரலோ ஒன்றை ஏற்கும், இன்னொன்றைச் சிதறடிக்கும். இதைத் துல்லியமாகச் சொல்வது அட்டை மட்டுமே.

சோதிக்கும்போது துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கவிடுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியை மட்டும் கெட்டியான எதன்மேலும் நேராக வைக்கக் கூடாது; முன்கட்டையை உள்ளங்கையில் தளர்வாகத் தாங்கி, அந்தக் கையை மூட்டையில் வையுங்கள். பெல்லட்டை மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பேரல் புதிய ஈயத்துக்குப் பழக வேண்டும். பிறகு ஒரே அட்டைப் புள்ளியில் பத்து. ஐந்து சுட்டால் அதிர்ஷ்டம் பேசிவிடும். குரூப்பின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள், அதுதான் குரூப்பின் அளவு. நல்ல பந்தய ரைபிளில் சரியான பெல்லட் கிடைத்தால் அட்டையில் ஒரே ஓட்டைதான் இருக்கும், இரண்டாவது பெல்லட் எங்கே போனது என்று தேடும்படி. பின்னால் களிமண் அடைத்த பெட்டி, கண்ணுக்குக் கண்ணாடி, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. இதில் சலுகை கிடையாது.

இடம்? ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்பதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனி, ஆடியில் அங்கே வெளியில் 25 மீட்டர் சோதித்தால் நீங்கள் காற்றைத்தான் அளக்கிறீர்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்கள் மறைக்கும் இடங்களில் காலை நேரம் பரவாயில்லை. அட்டையில் குரூப் பக்கவாட்டில் இழுபட்டால் காற்றையோ விசையிழுப்பையோ சந்தேகியுங்கள்.

இன்னொன்று, நம் கடலோர ஈரத்தில் திறந்து வைத்த டப்பாவில் ஈயம் வெள்ளைப் பொடி பூத்துவிடும். அப்படிப்பட்ட பெல்லட்டைக் கொண்டு எந்த ஒப்பீடும் செய்யக் கூடாது. சிறிய டப்பாக்களாக வாங்கி, இறுக மூடி வையுங்கள். பொருந்துகிற பெல்லட் தெரிந்ததும், டப்பாவின் அடியில் இருக்கும் லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணைக் குறித்துக்கொண்டு, கடைக்காரரிடம் அதே லாட்டில் மீதி இருப்பதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த லாட் வந்தால் மறுபடி பத்து சுட்டுப் பாருங்கள்.