கிரேக்கக் காலச் சொற்கள்: தனிச்சொல் அட்டையா, தொடர் அட்டையா?

நவீன கிரேக்கத்தில் நாளும் நேரமும் சொல்லப் பழக நினைவு அட்டை (ஃப்ளாஷ் கார்டு) போடுவதில் இரண்டு வழிகள் உண்டு: அட்டைக்கு ஒரு சொல், அல்லது அட்டைக்கு ஒரு சிறு தொடர். எல்லாவற்றையும் ஒரே வழியில் படிக்கப் போனால்தான் சிக்கல்.

உருமாறாத சொற்களுக்குத் தனிச்சொல் அட்டை தாராளமாகப் போதும்: ஸீமெரா (இன்று), ஆவ்ரியோ (நாளை), ஹ்டெஸ் (நேற்று), டோரா (இப்போது). நம் முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் அங்கேயும் ஒற்றைச் சொல் இருக்கிறது: ப்ரொஹ்டெஸ், மெதாவ்ரியோ. தமிழருக்கு இவை சட்டென்று மனதில் ஏறும்.

கிழமைக்கு வந்தால் இந்த வழி உதவாது. 'தெஃப்டேரா' என்றால் திங்கள் என்று மட்டும் படித்தவர், 'திங்களன்று' என்று சொல்ல ஒரு முன்னிடைச் சொல்லைத் தேடுவார். கிரேக்கத்தில் அது தேவையில்லை. 'டி தெஃப்டேரா' என்று சுட்டுச்சொல்லை (ஆங்கில 'the' போன்றது) முன்னால் சேர்த்தாலே போதும். சனிக்கிழமை மட்டும் அஃறிணைப் பால் என்பதால் 'டோ ஸாவட்டோ'. இவற்றைச் சுட்டோடு சேர்த்தே அட்டையில் எழுதுங்கள்.

மணி சொல்வதில்தான் தொடர் அட்டை முழுதாக வெல்கிறது. மணியைக் குறிக்கும் 'ஓரா' பெண்பால் சொல். (நம் சோதிடத்தின் ஓரை, சமஸ்கிருதம் வழியாக வந்த இதே கிரேக்கச் சொல்தான்.) அதனால் 1, 3, 4 மூன்றும் உருமாறும். எண்ணும்போது ஏனா, ட்ரீயா, டேசெரா. மணிக்கு மீயா, ட்ரிஸ், டேசெரிஸ். 'ஒரு மணிக்கு' என்பது 'ஸ்டி மீயா'. மற்ற எல்லா மணிக்கும் 'ஸ்டிஸ்'. ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு மணிக்கும் ஓர் அட்டை போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

மூன்றேகால் 'ட்ரிஸ் கே டேட்டார்டோ', மூன்றரை 'ட்ரிஸீமிஸி'. இதுவரை நம் வழக்கம்தான். மூன்றேமுக்காலில் தமிழர் இடறுவார்கள்: நாம் மூன்றோடு முக்காலைக் கூட்டுகிறோம், அவர்கள் நான்கிலிருந்து காலைக் கழித்து 'டேசெரிஸ் பரா டேட்டார்டோ' என்பார்கள். 'டு ஹ்ரோனு'வும் அப்படியே தொடராகப் படிக்க வேண்டியது. சொல்லுக்குச் சொல் 'வருஷத்தின்', பொருளோ 'அடுத்த வருஷம்'.

கடைப் பலகையில் நேரத்தோடு வரும் சுருக்கங்களுக்கு இரண்டு அட்டையும் உதவாது, எழுத்தைக் கண்ணால் பார்த்தே பழக வேண்டும். 'பீ, மீ' (π.μ.) என்ற இரண்டு கிரேக்க எழுத்துகள் நின்றால் முற்பகல். 'மீ, மீ' (μ.μ.) என்றால் பிற்பகல். ஆங்கில 'p.m.' சுருக்கத்தின் பழக்கத்தில் முதலாவதைப் பிற்பகல் என்று எடுத்துக்கொண்டால், காலை 9 மணிக்குத் திறக்கும் கடைக்கு இரவு 9 மணிக்குப் போய் நிற்க நேரும்.